டார்க் ஃபேன்டஸி முத்தொகுதியின் முடிவு: வாசகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு எச்சரிக்கை. ஜோ அபர்க்ரோம்பியின் 'ஃபர்ஸ்ட் லா', ஆர்.எஃப். குவாங்கின் 'பாப்பி வார்', மார்க் லாரன்ஸின் 'புரோக்கன் எம்பயர்', ராபின் ஹாப்பின் 'ஃபார்சீர்', என்.கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' ஆகிய முத்தொகுதிகளின் முடிவுகள் இங்கே ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன. வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' முடிவும் வருகிறது. இவற்றில் ஒன்றைப் பாதியில் வைத்திருப்பவர்கள் முடித்துவிட்டு வருவது நல்லது.

டார்க் ஃபேன்டஸி என்றாலே முடிவு சோகம்தானே? தெரிந்தே படித்துவிட்டு எதற்குக் கோபம்?

சோகத்துக்காகக் கோபப்படுகிறவர்கள் மிகக் குறைவு. மூன்றாம் பாகம் வரை வந்தவர் சித்திரவதை, துரோகம், படுகொலை எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்திருக்கிறார். இருட்டு பிடிக்காதவர் முதல் பாகத்திலேயே கழன்றுகொண்டிருப்பார். எஞ்சியிருப்பவர் கேட்பது வேறு: இந்தத் துயரம் இந்தக் கதைக்குள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து தூக்கி வைக்கப்பட்டதா?

துக்கத்தையும் ஏமாற்றத்தையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதி விவாதங்கள் வீணாகின்றன. ஒருவர் "அழுதுவிட்டேன், ஒரு வாரம் வேறெதையும் படிக்க முடியவில்லை" என்கிறார். இன்னொருவர் "மூன்று புத்தகம் படித்தது இதற்குத்தானா?" என்கிறார். முதலாமவருக்கு முடிவு வேலை செய்திருக்கிறது. இரண்டாமவருக்கு எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. இரண்டையும் "மக்களுக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரே மூட்டையில் கட்டினால் ஒன்றும் விளங்காது.

அந்தப் பிரிவினையைத் துல்லியமாகச் செய்ய வழி உண்டா?

உண்டு. உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலே இதற்கு நல்ல கருவி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களையும் அது தருகிறது. நமக்கு இங்கே முக்கியம் அழுகை. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும்.

இழவு என்பது உயிரையோ உறவையோ இழப்பது. 'பாப்பி வார்' முடிவில் நாயகி ரின்னும் அவள் நண்பன் கிடேவும் சாவது இழவு. இளிவு என்பது பிறர் இகழ நிற்பது. 'ஃபர்ஸ்ட் லா' முடிவில் அரசனாகிவிட்ட ஜெசால், பயாஸ் என்ற மாயாவியின் முன் வலியில் சுருண்டு விழுந்து பணிவது இளிவு. அசைவு என்பது பழைய நிலை கெட்டு வருந்துவது. 'ஃபார்சீர்' முடிவில், இளமையிலேயே உடல் தளர்ந்து, உலகுக்கு இறந்தவனாக ஒரு குடிசையில் எழுதிக்கொண்டிருக்கும் நாயகன் ஃபிட்ஸின் நிலை அது. வறுமையைப் பணமில்லாமை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டியதைத் துய்க்க முடியாத ஏக்கம் என்று உரையாசிரியர் விரிக்கிறார். தான் நேசித்த மாலியும் தன் மகளும் தன்னை வளர்த்த பர்ரிச்சின் வீட்டில் வாழ்வதை ஃபிட்ஸ் தொலைவிலிருந்து அறிவது அந்த வறுமை.

இந்த நான்கில் இழவை வாசகர் மிக எளிதாக ஏற்கிறார். சாவுக்கு ஒரு கண்ணியம் உண்டு, அழுது முடித்தால் மனம் ஆறும். இளிவு ஆறாது. உயிரோடிருந்து அவமானப்படும் பாத்திரம் புத்தகத்தை மூடிய பிறகும் அவமானப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே, ஒருவரும் பெரிதாகச் சாகாத முடிவுக்குக்கூட நாயகன் சாகும் முடிவைவிடக் கடுமையான எதிர்ப்பு வருவதில் வியப்பில்லை.

வெகுளிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கோபம் பயாஸ் மீது என்றால் கதை வென்றது. அபர்க்ரோம்பி மீது என்றால் ஏன் என்று தேட வேண்டும்.

'ஃபர்ஸ்ட் லா' முடிவில் எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறார்கள். இது எழுத்தாளரின் பலவீனமா?

திட்டமிட்டே செய்தது. முதல் பாகம் (2006) தொடங்கும் அத்தியாயத்தின் பெயர் 'முடிவு'. மூன்றாம் பாகம் (2008) முடியும் அத்தியாயத்தின் பெயர் 'தொடக்கம்'. முதல் அத்தியாயத்தில் லோகன் என்ற வடநாட்டுப் போர்வீரன் பாறை விளிம்பிலிருந்து ஆற்றில் விழுகிறான். கடைசி அத்தியாயத்தில் சன்னல் வழியே தண்ணீரை நோக்கிக் குதிக்கிறான். வட்டம் முதல் பக்கத்திலேயே வரையப்பட்டுவிட்டது.

அப்படியும் ஏன் வலிக்கிறது என்றால், காரணம் இரண்டாம் பாகம் (2007). அந்த நீண்ட பயணத்தில் கர்வம் பிடித்த ஜெசால் அடிபட்டுத் தாடை உடைந்து கொஞ்சம் மனிதனாகிறான். லோகன் நண்பர்களைச் சேர்க்கிறான். யாரையும் நம்பாத ஃபெர்ரோவும் சற்றே இளகுகிறாள். மனிதர்கள் மாறுவார்கள் என்ற நம்பிக்கையை வாசகர் அங்கேதான் வாங்கிக்கொள்கிறார். மூன்றாம் பாகம் அதைப் பிடுங்குகிறது.

ஆனால் அதே இரண்டாம் பாகத்தில் ஒரு தடயமும் உண்டு. உலகின் விளிம்புவரை போய் அவர்கள் கண்டெடுக்கும் பொருள், தேடிப்போன 'விதை' என்ற மாயப்பொருள் அல்ல, வெறும் கல். பெரும்பயணம் வெறுங்கையோடு முடியும் என்பதை ஆசிரியர் அங்கேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துக் காட்டிவிட்டார். மறுவாசிப்பில் இந்த இடத்துக்கு வரும்போது பலருடைய கோபம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதில் நியாயமான குறை ஒன்று உண்டு. ஃபெர்ரோவின் கதை முடியவில்லை, வெளியேறிவிடுகிறது. பழி தீர்க்கக் கிளம்பியவள் மூன்று புத்தகத்துக்குப் பிறகும் கிளம்பிக்கொண்டே இருக்கிறாள். மற்றவர்களுக்கு இருக்கும் வட்டத்தின் கூர்மை அவளுக்கு இல்லை.

'பாப்பி வார்' மூன்றாம் பாகத்தில் ரின் எடுக்கும் முடிவு திடீரென்று வந்ததா?

கடைசி சில பக்கங்களை மட்டும் பார்த்தால் திடீர்தான். நாட்டையே பிடித்தவள், தன் எதிரியும் பழைய தோழனுமான நெஜாவின் கையைத் தானே பிடித்துக் கத்தியைத் தன் மார்பில் இறக்கிக்கொள்கிறாள். பிணைக்கப்பட்ட கிடேவும் கூடவே சாகிறான். நெஜா எஞ்சி நின்று, மேற்கத்திய வல்லரசான ஹெஸ்பீரியாவோடு பேரம் பேச வேண்டியவனாகிறான்.

பின்னோக்கிப் போனால் மூன்று கற்கள் ஏற்கெனவே நடப்பட்டிருக்கின்றன. ஒன்று, முதல் பாகத்தின் (2018) இறுதியில் ஸ்பீர் தீவின் கோயிலில் நின்றுதான் அவள் ஒரு நாட்டையே எரிக்கிறாள். கடைசிக் காட்சியும் அதே ஸ்பீரில். இரண்டு, ரின்னுக்குக் கிடே நங்கூரமாகப் பிணைக்கப்பட்டதும், ஒருவர் செத்தால் மற்றவரும் சாவார் என்ற விதியும் இரண்டாம் பாகத்திலேயே (2019) வந்துவிட்டன. மூன்று, வென்ற நாட்டுக்குச் சோறு போட அவளால் முடியவில்லை என்பதை மூன்றாம் பாகம் (2020) பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. தீயால் வயல் விளையாது.

பிளவு வருவது வரலாற்றறிவால். இந்த முத்தொகுதி இருபதாம் நூற்றாண்டுச் சீன வரலாற்றை அடிநாதமாகக் கொண்டது, ரின்னின் பாதை மாவோவை மனத்தில் வைத்து அமைந்தது என்று குவாங்கே சொல்லியிருக்கிறார். அதை அறிந்தவர், அதிகாரத்துக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்ற அச்சத்தோடு படிக்கிறார். முடிவு அவருக்கு ஒரு தடுப்புச்சுவர். அறியாதவர், ஒடுக்கப்பட்ட அநாதைப் பெண் எழுந்து வரும் கதையாகப் படிக்கிறார். அவருக்கு இது தோல்வி, அதிலும் ஒடுக்கியவர்கள் தப்பிக்கும் தோல்வி. இரண்டாவது வாசிப்பைத் தவறு என்று தள்ளிவிட முடியாது. முதல் பாகத்தின் பள்ளிப் பகுதி அந்த எதிர்பார்ப்பை நன்றாகவே ஊட்டி வளர்க்கிறது.

கதைசொல்லியே செத்துவிட்டால் ஏமாற்றப்பட்டதாக ஏன் தோன்றுகிறது?

'நான்' என்று சொல்லும் கதையில் பேசப்படாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது: சொல்கிறவர் பிழைத்ததால்தானே சொல்கிறார்? அதை முறிக்கும் ஆசிரியர் ஈடாக எதையாவது தர வேண்டும்.

'டைவர்ஜென்ட்' டார்க் ஃபேன்டஸி அல்ல, எதிர்கால டிஸ்டோபியா, அதாவது கொடுங்கோல் சமூகத்தைக் காட்டும் கதை. ஆனாலும் இந்தச் சிக்கலுக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. முதல் இரண்டு பாகங்களும் (2011, 2012) நாயகி ட்ரிஸ் ஒருத்தியின் குரல். மூன்றாவதில் (2013) அவள் காதலன் டோபியாஸும் அவளோடு மாறி மாறிப் பேச ஆரம்பிக்கிறான். விவரமான வாசகர்களுக்கு அந்த மாற்றமே காட்டிக்கொடுத்துவிட்டது: இவள் போகப்போகிறாள், மிச்சத்தைச் சொல்ல ஆள் வேண்டும். அதுவரை பழக்கமில்லாத குரல் மரணத்துக்கான ஏற்பாடாகத் தெரிந்தபோது, மரணமும் ஏற்பாடாகவே தெரிந்தது. எதிர்ப்பு பலமாக எழுந்து, ராத் தன் வலைப்பூவில் நீண்ட விளக்கம் எழுத நேர்ந்தது. இரண்டாவது குரலை முதல் பாகத்திலிருந்தே வைத்திருந்தால் அது தடயமாக நின்றிருக்காது.

லாரன்ஸின் 'புரோக்கன் எம்பயர்' (2011 முதல் 2013) ஜோர்க்கின் குரலில் ஓடி, அவன் சாவில் முடிகிறது. ஒப்பிட்டால் இதற்கு எதிர்ப்பு அடங்கியே இருந்தது. தொடக்கத்தில் முள்புதரில் சிக்கிய சிறுவனாக அவன் கண்ணெதிரே கொல்லப்பட்ட தம்பி வில்லியம்தான் இறந்தவர்களின் அரசன் என்று மூன்றாம் பாகம் திறந்துகாட்டுகிறது. முதல் காயமே கடைசி எதிரி என்றான பிறகு, சாவைத் தவிர வேறு வாசல் அந்தக் கதைக்கு இல்லை. தொடரை அங்கேயே நிறுத்தியதற்கான காரணத்தை லாரன்ஸ் பின்னுரையில் எழுதியும் வைத்திருக்கிறார்.

இந்தச் சிக்கலுக்கு ஆக அழகான தீர்வு ஜெமிசினுடையது. 'புரோக்கன் எர்த்'தில் நாயகி எஸ்ஸுனின் பகுதி முழுக்க 'நீ' என்று எழுதப்பட்டிருக்கிறது. முதலில் இது வெறும் நடை வித்தை போலத் தோன்றும். மூன்றாம் பாக (2017) முடிவில் காரணம் புரிகிறது: கல்லாகிப்போன எஸ்ஸுன் கல்லுண்ணியாக (கல்லுடல் கொண்ட உயிராக) மறுபிறப்பெடுக்கும்போது, அவள் யாராக இருந்தாள் என்பதை அவள் துணைவனான கல்லுண்ணி ஹோவா அவளுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான். கதை சொல்லப்பட்டதே அவளை மீட்க. மரணம், மறுபிறப்பு, சொல்முறை மூன்றும் ஒரே முடிச்சு. இந்த முத்தொகுதியின் மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து, அறிவியல் புனைவு மற்றும் ஃபேன்டஸிக்கு வழங்கப்படும் ஹ்யூகோ விருதைச் சிறந்த நாவல் பிரிவில் பெற்றன. அதற்கு முன் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த விருதை வென்றவர் எவரும் இல்லை.

உச்சக்கட்டத்துக்குப் பிறகு எத்தனை பக்கம் வேண்டும்?

பெரும்பாலான எழுத்தாளர்கள் கொடுப்பதைவிட அதிகம். முடிவு சார்ந்த புகார்களில் சரிசெய்ய மிக எளிதானதும் இதுதான்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஒரே நாவலாக எழுதப்பட்டு 1954, 55-இல் மூன்று பாகங்களாக வெளியானது. அதன் ஆறாம் புத்தகத்தில் ஒன்பது அத்தியாயங்கள். மோதிரம் மூன்றாவது அத்தியாயத்தில் அழிந்துவிடுகிறது. மீதி ஆறு அத்தியாயங்களில் காயம் ஆறுதல், முடிசூட்டு, பிரிவுகள், ஊர் திரும்புதல், ஊரே பாழாகிக் கிடத்தல், கப்பல். இழுவை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மோதிரத்தைச் சுமந்த ஃப்ரோடோ முழுதாகத் திரும்பவில்லை என்ற துயரம் நெஞ்சில் இறங்குவது அந்த ஆறு அத்தியாயங்களால்தான்.

இதற்கு உளவியலில் ஓர் ஆதாரம் இருக்கிறது. டேனியல் கானமனும் குழுவினரும் 1993-இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்தார்கள். இன்னொரு முறை, அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி கையை எடுக்காமல் வைத்திருக்க, நீர் மெதுவாக 15 டிகிரிக்கு ஏற்றப்பட்டது. எதை மறுபடி செய்வீர்கள் என்றதற்குப் பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் நினைவில் தங்குவது உச்சமும் கடைசியும். குளிர்நீரும் நாவலும் ஒன்றல்லதான். ஆயினும் ஒரு டிகிரி தளர்வு என்பதன் அளவைக் கவனியுங்கள். மகிழ்ச்சியான முடிவு தேவையில்லை. யாரோ ஒருவர் அடுப்பைப் பற்றவைக்கிறார், யாரோ இறந்தவரின் பெயரைச் சரியாக உச்சரிக்கிறார், அவ்வளவு போதும்.

அளவு கேட்டால்: மூன்றாம் பாகம் 600 பக்கம் என்றால், உச்சத்துக்குப் பிறகு 30 பக்கத்துக்குக் குறைவாக இருந்தால் "அவசரம்" என்ற புகார் வரும் என்று எதிர்பார்க்கலாம். 40 முதல் 60 நல்ல இடம். முக்கியப் பாத்திரங்கள் ஐந்துக்கு மேல் என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இது கைக்கணக்கு, சட்டமில்லை.

"பல வருடங்கள் கழித்து" என்ற எபிலாக் வைக்கலாமா?

வைக்கலாம், இரண்டு வேலைகளில் ஒன்றையாவது செய்தால். விலை என்ன என்று காட்ட வேண்டும், அல்லது முன்பு நடந்த ஒன்றின் பொருளை மாற்ற வேண்டும். யார் யாரை மணந்தார்கள், எத்தனை குழந்தைகள் என்ற பட்டியலுக்காக வைத்தால் வேண்டாம். அதுவரை இருந்த இருட்டு பொய்யாகிவிடும்.

ட்விஸ்ட்டுக்கும் கூரையைப் பிய்த்துக்கொண்டு வரும் தெய்வத்துக்கும் என்ன வித்தியாசம்?

முந்தையதற்கு விதை இருக்கும். அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் யூரிபிடிஸின் 'மெடியா'வைக் குறைசொல்வது இதற்காகவே: முடிச்சு அவிழ்வது கதையிலிருந்து வர வேண்டும், மேடை எந்திரத்திலிருந்து (கிரேக்க நாடகத்தில் தெய்வங்களை மேலிருந்து இறக்கிய தூக்கி) வரக் கூடாது. மெடியா சூரியனின் தேரில் ஏறித் தப்பிவிடுகிறாள்.

டார்க் ஃபேன்டஸியில் இந்தத் தேர் தலைகீழாகவும் வரும். காப்பாற்ற வரும் அதிர்ஷ்டத்தை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள், திட்டுவார்கள். கொல்ல வரும் துரதிர்ஷ்டத்தைப் பலர் யதார்த்தம் என்று பாராட்டிவிடுகிறார்கள். வழியில் எங்கும் பேசப்படாத நோய், திடீரென்று முளைத்த துரோகி, காரணமில்லாமல் குறிதவறாத அம்பு எல்லாமே அதே மேடை எந்திரம்தான். கறுப்பு பூசியிருப்பதால் கண்ணில் படுவதில்லை.

சோதிக்க ஒரு வழி. திருப்பம் எந்த ஒரு விதியையோ தகவலையோ நம்பி நிற்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரி மூன்றாம் பாகத்தின் நடுப்பகுதிக்கு முன் குறைந்தது மூன்று இடங்களில், மூன்று வெவ்வேறு வேலைக்காக வந்திருக்க வேண்டும். ஒருமுறை விளக்கமாக, ஒருமுறை சிறு சம்பவமாக, ஒருமுறை ஒரு பாத்திரம் அலட்சியம் செய்த எச்சரிக்கையாக. மூன்றும் விளக்கமாகவே வந்தால் வாசகர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவார்.

அவிழாத முடிச்சுகள் எல்லாம் குறையா?

இல்லை. உலகத்தைப் பற்றிய கேள்விகள் திறந்தே கிடக்கலாம்: கடவுள்கள் எங்கிருந்து வந்தார்கள், பழைய நகரத்தைக் கட்டியது யார். பாத்திரம் தன் வாயால் கேட்ட கேள்வி திறந்து கிடக்கக் கூடாது. "என் தங்கையைக் கொன்றது யார்?" என்று முதல் பாகத்தில் கேட்டவளுக்கு விடை வேண்டும். அல்லது விடை கிடைக்காமல் போவதே ஒரு காட்சியாக வேண்டும்.

நாயகன் இல்லாத இடத்தில் போர் முடிவது சரியா?

'ஃபார்சீர்' மூன்றாம் பாகத்துக்கு (1997) நீண்டகாலமாக வரும் குற்றச்சாட்டு இது. கடற்கொள்ளையர்களோடான செங்கப்பல் போர்தான் மூன்று புத்தகத்தின் பின்புலம். அதை முடிப்பதோ அரசன் வெரிட்டியும் கல் டிராகன்களும். ஃபிட்ஸ் பின்தங்கிவிடுகிறான், கடலோரப் போர் சுருக்கமாகவே வந்து சேர்கிறது.

குறை உண்மைதான், ஆனால் அந்தக் கதை எதைப் பற்றியது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிட்ஸ் அரச குடும்பத்தின் கருவி. கருவிக்கு வெற்றி விழாவில் இடமில்லை. தன் வலிமையான நினைவுகளை, டிராகனாகச் செதுக்கும் கல்லுக்கு ஊட்டும் வெரிட்டி மனிதனாகத் தீர்ந்துபோகும் இடம்தான் உண்மையான உச்சம், அது முழு விரிவோடு எழுதப்பட்டிருக்கிறது. போரை எதிர்பார்த்தவர் ஏமாறுவார். வெரிட்டியை எதிர்பார்த்தவருக்கு அந்தக் கல்குவாரி அத்தியாயங்கள் மறக்காது.

வாசகர் தளங்களில் மூன்றாம் பாகத்தின் சராசரி மதிப்பெண் முதல் பாகத்தைவிட அதிகம். அப்படியானால் முடிவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். முதல் பாகம் பிடிக்காதவர்கள் மூன்றாவதை வாங்கவே மாட்டார்கள், மதிப்பெண்ணும் போட மாட்டார்கள். வடிகட்டியதில் எஞ்சியவர்களின் சராசரி இயல்பாகவே ஏறும். சராசரியை விட்டுவிட்டுப் பரவலைப் பாருங்கள். மூன்றாம் பாகத்தில் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் உயர்ந்து நடுவில் குழி விழுந்திருந்தால் முடிவு வாசகரைப் பிளந்திருக்கிறது. மூன்றும் நான்கும் குவிந்திருந்தால் முடிவு மறக்கப்படும் வகை. ஒரு நட்சத்திர விமர்சனங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்பக் குறிப்பிடப்படுகிறதா என்று பாருங்கள். பத்துப் பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. வெளியான முதல் இரண்டு வாரத்து எதிர்வினைகளைத் தனியாக வையுங்கள். அவை இரவு விழித்து முடித்தவர்களுடையவை, துக்கத்தின் சூடு அப்படியே இருக்கும்.

அடுத்த தொடர் வந்தால் பழைய முடிவு கெட்டுவிடாதா?

யாருடைய கதை தொடர்கிறது என்பதைப் பொறுத்தது. லாரன்ஸ் அதே உலகில் 2014-இல் தொடங்கிய அடுத்த முத்தொகுதியை வேறொரு நாயகனுக்குக் கொடுத்தார். ஜோர்க்கின் சாவு சாவாகவே நின்றது. அபர்க்ரோம்பி லோகனைப் பெயர் சொல்லாமல் 2012 நாவலில் கொண்டுவந்தார். அடையாளம் கண்டவருக்கு மட்டும் பழைய முடிவின் தொடர்ச்சி. ஹாப் ஃபிட்ஸிடமே இரண்டு முறை திரும்பினார், 2001-இல் ஒரு முத்தொகுதி, 2014-இல் இன்னொன்று. அதனால் 1997 முடிவு இன்று இடைநிறுத்தமாகப் படிக்கப்படுகிறது. அந்தக் குடிசைத் தனிமையின் கூர்மையை உணர விரும்புபவர்கள் மூன்றாம் பாகத்துக்கும் நான்காவதுக்கும் இடையே சில மாதம் விடட்டும்.

வாசகர்கள் இவ்வளவு கொதித்தால் ஆசிரியர் முடிவை மாற்றலாமா?

அச்சுக்குப் போகுமுன் மாற்றலாம். டிக்கன்ஸ் 1861-இல் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவை நண்பரும் நாவலாசிரியருமான புல்வர்-லிட்டன் சொன்னதைக் கேட்டு மாற்றினார். முதலில் எழுதிய, பிரிவில் முடியும் வடிவமும் பின்னர் வெளிவந்தது. எது சிறந்தது என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. வெளியான பிறகு மாற்றுவதால் யாருக்கும் நிறைவு வராது. கோபப்பட்டவர் இரண்டாவதை நம்ப மாட்டார், ரசித்தவர் முதலாவதை இழப்பார்.

நான் ஒரு முத்தொகுதி எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவை எப்படிச் சோதிப்பது?

முன்வாசகர்கள் ஆறு பேர் போதும். அதில் இருவராவது இந்த வகையை அதிகம் படிக்காதவர்களாக இருக்கட்டும். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக் கூடாது.

மூன்று இடங்களில் நிறுத்திக் கேளுங்கள்: முதல் பாக முடிவு, இரண்டாம் பாக முடிவு, மூன்றாம் பாகத்தில் முக்கால். ஒவ்வொரு முறையும் ஒரே இரண்டு கேள்விகள். "இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? என்ன நடக்கக் கூடாது என்று பயப்படுகிறீர்கள்?" முக்கால் பகுதியில் ஆறு பேரில் ஐவர் உங்கள் முடிவைச் சரியாகச் சொன்னால் தடயம் அதிகம். ஒருவர்கூடப் பக்கத்தில் வரவில்லை என்றால் தடயமே இல்லை. இரண்டு மூன்று பேர் அதை 'பயப்படுவது' என்ற பதிலில் சொன்னால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

முடித்த அன்று கருத்துக் கேட்காதீர்கள். பத்து நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல் கடைசி மூன்று காட்சிகளைச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வரிசையை மாற்றிச் சொன்னால் காரண காரியச் சங்கிலி தளர்ந்திருக்கிறது. ஒரு பாத்திரத்தை மறந்தே போனால் அதன் முடிவு எழுதப்படவில்லை. "நன்றாக இருந்தது, ஆனால் கொஞ்சம் வேகம்" என்று எல்லோரும் சொன்னால், பெரும்பாலும் உச்சத்தை நீட்டத் தேவையில்லை. அதற்குப் பின்னால் வரும் பகுதியை நீட்டுங்கள்.

இன்னொன்று, வில்லனின் கடைசி வாதத்தை மட்டும் தனியாக எடுத்து அச்சிட்டுக் கொடுங்கள். அதைப் படித்து ஒருவராவது "அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே" என்று தயங்கவில்லை என்றால், இருட்டு இன்னும் வெறும் வர்ணப்பூச்சுதான்.

முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றி எப்படி எழுதுவது?

நிகழ்ச்சியை விட்டுவிட்டு உணர்வின் வகையை எழுதுங்கள். "இழவு உண்டு, இளிவு இல்லை", "கடைசி ஐம்பது பக்கம் நிதானமானது", "முதல் பாகத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கிறது" என்பவை எதையும் உடைக்காமல் நிறையச் சொல்லும். "அதிர்ச்சியான ட்விஸ்ட் இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். அதுவே ஸ்பாய்லர், வாசகர் நூறாம் பக்கத்திலிருந்தே தேட ஆரம்பித்துவிடுவார். "கண்ணீரோடு தயாராக இருங்கள்" என்பதும் அப்படித்தான். சித்திரவதை, பாலியல் வன்முறை, தற்கொலை போன்றவை இருந்தால் முன்னரே சொல்லிவிடலாம். யாருக்கு, எந்தப் பாகத்தில் என்பதைச் சொல்லாதவரை கதை உடையாது.

முடிவு தெரிந்துவிட்டது. இனி முத்தொகுதியைப் படிப்பதில் பயன் உண்டா?

உண்டு. லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்பே சொல்லப்பட்ட சிறுகதைகளை வாசகர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். அவை சிறுகதைகள், மூன்று பாக நாவலுக்கு அப்படியே பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம். முத்தொகுதியில் நீங்கள் இழப்பது இரண்டாம் பாகத்தின் நம்பிக்கையை. ஜெசால் திருந்துவதைத் திருந்துவதாகவே நம்பிப் படிக்கும் வாய்ப்பு ஒருமுறைதான்.

பதிலுக்குக் கிடைப்பது தடயங்கள். 'ஃபர்ஸ்ட் லா'வில் பயாஸ் சிரிக்கும் ஒவ்வொரு இடத்தையும், 'புரோக்கன் எர்த்'தில் 'நீ' என்று அழைப்பவர் தன்னைப் பற்றி ஒரு சொல் நழுவவிடும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டே படியுங்கள். எது தெரிந்துவிட்டதோ அது ஒரு நிகழ்ச்சி மட்டுமே என்றால், அதை எந்தப் பாத்திரம் முதலில் உணர்கிறது என்று தேடுங்கள். 'பாப்பி வார்' படிப்பவர்கள் அதற்குக் கிடேவைக் கவனித்தால் போதும்.